தேக்கா வெயிலில் புல ஆழம்

ஃபிலிம் கேமரா வாங்கிய புதிதில் பலரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "பின்னணி நல்லா மங்கலா வர்றதுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். ஆசை நியாயமானது. ஆனால் சிங்கப்பூரில் பகலில் படமெடுக்கிறவர் லென்ஸுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது, கேமராவுக்குள் எந்த ஃபிலிம் போகப்போகிறது என்று. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமைப் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் ஒளியை உணரும் வேகம்) போட்டுக்கொண்டு நண்பகலில் தேக்கா வட்டாரத்துச் சிராங்கூன் சாலையில் இறங்கினால், கையில் எஃப் 1.4 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) இருந்தாலும் அதை முழுசாகத் திறக்க வழியே இல்லை. வெயில் விடாது.

டிஜிட்டலில் படத்துக்குப் படம் ஐஎஸ்ஓவை மாற்றிக்கொள்ளலாம். ஃபிலிமில் 36 படத்துக்கும் ஒரே வேகம். அந்த வேகமும் அன்றைய வெளிச்சமும் சேர்ந்து எந்தத் துளையில் எடுக்க முடியும் என்பதை ஏறக்குறைய தீர்மானித்துவிடுகின்றன. துளை முடிவானால் புல ஆழத்தில், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்பதில், பாதி முடிவாகிவிடும். எடுத்த படத்தை அங்கேயே திரையில் பார்த்துச் சரிசெய்யவும் முடியாது. அதனால் ஃபிலிம்காரருக்குப் புல ஆழம் மனக்கணக்காக வர வேண்டும். அது வந்துவிட்டால் கிடைக்கிற சுதந்திரம் பெரியது என்பது என் அனுபவம். அதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

முதலில் அடிப்படை. லென்ஸ் ஒரு சமயத்தில் ஒரே ஒரு தூரத்தில்தான் உண்மையாக ஃபோகஸ் ஆகும். 3 மீட்டரில் வைத்தால் 3 மீட்டர். அந்த இடத்தில், ஃபிலிமுக்கு இணையாக, ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரின் மேல் இருக்கிற புள்ளிகள் எல்லாம் ஃபிலிமில் புள்ளியாகவே விழும். சுவருக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிற புள்ளி ஃபிலிமில் ஒரு சிறு வட்டமாக விழும். விலக விலக வட்டம் பெரிதாகும். வட்டம் மிகச் சிறியதாக இருக்கிறவரை நம் கண்ணுக்கு அதுவும் புள்ளிதான். அப்படிக் கண் ஏற்றுக்கொள்கிற எல்லைக்குள், முன்னும் பின்னுமாக அடங்குகிற தூரத்தைத்தான் புல ஆழம், டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்கிறோம். எல்லைக்கோட்டில் தெளிவு சட்டென்று அறுந்துபோவதில்லை, படிப்படியாகக் குறைகிறது. கோடு நாம் போட்டுக்கொண்டது.

எங்கே போட்டார்கள் அந்தக் கோட்டை? 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஏறத்தாழ 0.03 மி.மீ. வட்டம் என்பது நெடுநாள் வழக்கம். நெகட்டிவை எட்டு மடங்கு பெரிதாக்கினால் எட்டுக்குப் பத்து அங்குல அச்சு வரும். 0.03 எட்டு மடங்கானால் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அச்சைக் கையில் வைத்துப் பார்க்கிற தூரத்தில், அதாவது 25 செ.மீ. வாக்கில், அவ்வளவு சின்ன வட்டத்தைச் சாதாரணக் கண் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். பழைய லென்ஸ்களின் மேல் பொறித்திருக்கிற ஆழக் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய இந்தக் கணக்கில் போடப்பட்டவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதனால் ஒரு சிக்கல் வரும்.

ஆழத்தை மாற்றுகிறவை மூன்று: துளை, தூரம், லென்ஸின் குவியத் தூரம் (50 மி.மீ., 28 மி.மீ. என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்). இவற்றில் தூரத்தின் பலத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2, ஆள் 1.5 மீட்டரில் நிற்கிறார் என்றால் ஆழம் சுமார் 11 செ.மீ. அவ்வளவுதான். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஒருமாதிரி அடங்கும். அதே இடத்தில் எஃப் 8க்குப் போனால் 44 செ.மீ. நான்கு ஸ்டாப் மூடினோம் (ஒரு ஸ்டாப் மூடினால் ஒளி பாதியாகும்), ஆழம் நான்கு மடங்கானது. சரி, துளையைத் தொடாமல் எஃப் 2லேயே வைத்துக்கொண்டு 3 மீட்டருக்குப் பின்வாங்கினால்? அதுவும் 43 செ.மீ. கொடுக்கிறது. இரண்டு எட்டு பின்னால் வைப்பதும் நான்கு ஸ்டாப் மூடுவதும் ஆழத்தில் ஏறக்குறைய ஒன்று. வெளிச்சம் போதாத இடத்தில் இதைவிடப் பயனுள்ள செய்தி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆள் படத்தில் பாதி அளவுதான் இருப்பார். சுற்றியுள்ள இடம் வந்து சேர்ந்துவிடும். எனக்கு அது பெரும்பாலும் லாபம்.

அகல லென்ஸில் ஆழம் அதிகம் என்பது ஒரே இடத்தில் நிற்கிறவரை உண்மை. 1.5 மீட்டரில் 28 மி.மீ. லென்ஸ், எஃப் 2 என்றால் ஆழம் 35 செ.மீ. ஆனால் முகம் 50 மி.மீ. லென்ஸில் தெரிந்த அதே அளவுக்கு வர வேண்டும் என்று 84 செ.மீ.க்கு நெருங்கினால், ஆழமும் பழையபடி 11 செ.மீ. பக்கம் வந்துவிடும். பின்னணி மட்டும் அவ்வளவாக மங்காது, கடையும் தெருவும் அடையாளம் தெரிகிற அளவுக்கு நிற்கும். ஆழம் குறைவாக இருப்பதும் பின்னணி கரைந்துபோவதும் இரண்டு வேறு விஷயங்கள். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் 28, 35 லென்ஸ்களைக் கையிலெடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள்.

இனி வெயிலுக்கு வருவோம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆண்டு முழுக்க நண்பகல் வெயில் உச்சந்தலையில்தான். வெயிலுக்கு 16 என்கிற பழைய விதி இங்கே கச்சிதமாக வேலை செய்யும்: வெட்டவெளி வெயிலில் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் விநாடிக் கணக்கில் ஒன்றின்கீழ் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண். 400 ஃபிலிமுக்கு எஃப் 16, 1/500 என்று வைத்துக்கொள்ளலாம். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1 போல நம்மில் பலர் கையில் இருக்கிற கேமராக்களில் உச்ச வேகம் 1/1000. அதாவது எஃப் 11தான் திறக்கக்கூடிய எல்லை. நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும் என்பதால் எஃப் 8 வரை தைரியமாகப் போகலாம். பழைய சிறு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் (லென்ஸ் வழியாக இல்லாமல் தனிச் சன்னல் வழியாகப் பார்ப்பவை) பலவற்றில் 1/500தான் உச்சம், அங்கே இன்னும் ஒரு ஸ்டாப் போய்விடும். நிக்கான் எஃப்எம்2 வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதன் 1/4000 வேகத்தில் அதே வெயிலில் எஃப் 5.6 கிடைக்கும். அப்போதும் எஃப் 2 கிடைக்காது.

100 ஃபிலிம் போட்டால் 1/1000 வேகத்தில் எஃப் 5.6. இல்ஃபோர்டின் பான் எஃப் பிளஸ் போல 50 வேக ஃபிலிம் போட்டால் எஃப் 4. 400 ஃபிலிமுக்கு முன்னால் மூன்று ஸ்டாப் குறைக்கிற சாம்பல் நிற என்டி ஃபில்டரை மாட்டினாலும் அதே எஃப் 4தான் வரும். வியூஃபைண்டர் இருட்டாகிவிடும் என்பதால் நான் அதை அதிகம் விரும்புவதில்லை. பின்னணி கரைந்த படங்கள்தான் வேண்டும் என்று பகலில் கிளம்புகிறவர், விலை உயர்ந்த லென்ஸுக்குச் செலவழிப்பதற்கு முன் 100 வேக ஃபிலிம் ஒன்றை வாங்கிப் போடட்டும். இல்லையென்றால் மாலை ஆறு மணிக்குக் கிளம்பட்டும். இங்கே ஏழு மணி வாக்கில் சூரியன் மறைகிறது, அந்திப்பொழுது மிகக் குறுகியது. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே வரும்போது, துளைகள் ஒவ்வொன்றாக நம் கைக்குத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

மேகம் மூடினால் கதை மாறும். நம் ஊரில் அது அடிக்கடி நடக்கும். மழைக்கு முந்தைய கனத்த வானத்தில் 400 ஃபிலிமுக்கு 1/500, எஃப் 5.6 வாக்கில் வரும். கடைவீட்டு ஐந்தடிப் பாதைக்குள், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் மூடிய நடைபாதைக்குள், நுழைந்தால் 1/125, எஃப் 5.6. தேக்கா ஈரச்சந்தைக்குள் 1/60, எஃப் 4 கிடைத்தாலே நல்ல நாள். அங்கே கடைக்குக் கடை வெளிச்சம் வேறு. வெயிலில் நிற்கும் தெருவும் நிழலில் நிற்கும் ஐந்தடிப் பாதையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையில் நான்கைந்து ஸ்டாப் வித்தியாசம். ஒரே ஃபிலிமில் இரண்டு விதமான ஆழம் வேண்டும் என்றால் ஓரடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம் நகர்ந்தால் போதும். வெயிலில் நின்றபடி ஆழமான படம், நிழலுக்குள் வந்து ஆழம் குறைந்த படம். இது சிராங்கூன் சாலை நமக்குக் கொடுக்கிற வசதி. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்குக் கட்டளையிட்டபோது வீதியின் இரு பக்கமும் தொடர்ச்சியாக மூடிய நடைபாதை இருக்க வேண்டும் என்று சேர்த்தார். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கத்தான் அது. படமெடுப்பவர்களுக்கும் இப்படி உதவுகிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிரூட்டிய எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்த உடனே எடுத்த படம் முழுக்க மெத்தென்று வந்திருந்தால் துளையைச் சந்தேகிக்க வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று படிந்திருக்கும். துடைத்தாலும் திரும்பப் படியும். சில நிமிடம் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் வியூஃபைண்டர். எஸ்எல்ஆர் கேமராவில், அதாவது லென்ஸ் வழியாகவே பார்க்கிற கேமராவில், நாம் பார்ப்பது லென்ஸ் முழுசாகத் திறந்திருக்கும் காட்சி. எஃப் 11 வைத்திருந்தாலும் கண்ணில் தெரிவது எஃப் 1.8தான். ஷட்டரை அழுத்துகிற கணத்தில்தான் துளை மூடுகிறது. அதனால்தான் "பார்க்கும்போது பின்னாடி அழகா கரைஞ்சிருந்துச்சு, பிரிண்ட்ல எல்லாமே தெரியுது" என்கிற புலம்பல் வருகிறது. நிக்கான் எஃப்எம்2இல் துளையை முன்கூட்டியே மூடிக் காட்டுகிற நெம்புகோல் உண்டு. ஒலிம்பஸ் ஓஎம் லென்ஸ்களில் லென்ஸின் மேலேயே பொத்தான் இருக்கும். பென்டாக்ஸ் கே1000இல் அப்படி ஏதும் இல்லை. இருந்தாலும் எஃப் 11க்கு மூடியதும் காட்சி இருண்டுவிடும், கண் பழக நேரம் வேண்டும், அந்தச் சின்னத் திரையில் நுணுக்கமாகத் தெரியவும் செய்யாது. ரேஞ்ச்ஃபைண்டரில் நிலைமை நேர்மாறு: எல்லாமே எப்போதும் தெளிவாகத் தெரியும். கண்ணைக் கொண்டு ஆழத்தைத் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் எண்களை நம்பிப் பழகிவிடுகிறார்கள். நான் எஸ்எல்ஆரிலும் அப்படித்தான் செய்கிறேன்.

அந்த எண்கள் லென்ஸின் மேலேயே இருக்கின்றன. பழைய கைமுறை லென்ஸ் என்றால் தூர வளையத்துக்குப் பக்கத்தில், நடுக்கோட்டின் இருபுறமும் 4, 8, 16 என்று இணை இணையாகக் கோடுகள் இருக்கும். பழைய நிக்கார் லென்ஸ்களில் துளை எண்ணும் அதற்குரிய கோடும் ஒரே வண்ணத்தில் இருக்கும், தேட வேண்டியதே இல்லை. எஃப் 8 வைத்திருக்கிறீர்களா? இரண்டு 8 கோடுகளும் எந்தெந்தத் தூரங்களைத் தொடுகின்றன என்று பாருங்கள். அதுதான் ஆழம். இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் இந்தக் கோடுகள் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. கோல்மன் ஸ்திரீட் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய லென்ஸ் பார்க்கப் போகிறவர்கள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், நல்லது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது முக்கியம். கூடவே ஆழக் கோடுகள் தெளிவாக, தாராளமான இடைவெளியோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு ஃபோகஸே செய்யாமல் எடுப்பதைத்தான் ஸோன் ஃபோகஸ் என்கிறார்கள். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, தூரம் 3 மீட்டர். ஆழம் 1.9 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர் வரை. ஐந்தடிப் பாதையில் எதிரே வருகிறவர், அவருக்குப் பின்னால் மூட்டை இறக்குகிறவர், தள்ளி நிற்கும் மிதிவண்டி எல்லாம் இதற்குள் வந்துவிடும். வளையத்தைத் தொட வேண்டியதில்லை. முகத்துக்கு முன்னால் கேமராவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் எதிரில் இருப்பவர் இறுகிப்போகிறார். எடுப்பதற்கு முன் கண்ணைப் பார்த்துச் சிரித்து, "எடுத்துக்கட்டுமாண்ணே?" என்று கேட்டு, அவர் தலையாட்டியதும் ஒரே ஒரு முறை கேமராவைத் தூக்கி இறக்கினால் போதும். மனிதர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ள இந்த முறை இடம் கொடுக்கிறது. எனக்கு இது பிடித்ததற்கு அதுதான் முதல் காரணம்.

வாரயிறுதிகளில் சேர்ந்து நடக்கிற இளைஞர் ஒருவர், பஃபலோ ரோடு பூக்கடை அக்காவை 85 மி.மீ. லென்ஸில் எஃப் 2 வைத்து எடுத்திருந்தார். மாலை நேரம், நல்ல வெளிச்சம், கண் இமை வரை கூர்மை. 1.5 மீட்டரில் அந்த லென்ஸின் ஆழம் 4 செ.மீ.கூட இல்லை, அதில் கண்ணைப் பிடித்திருந்தார். திறமையான படம். அச்சுப் போட்டு அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி. என் கடை எங்க?"

பின்னால் மல்லிகைச் சரமும் சாமந்தி மாலையும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கரைந்து போயிருந்தன. தம்பி என்னைப் பார்த்தார். "கடையும் வரணும்னா துளை எவ்வளவு வைக்கணும்?"

அக்கா பலகைக்குப் பின்னால் நிற்கிறார், மாலைகள் அவருக்கு அரை மீட்டர் பின்னால் தொங்குகின்றன, பலகையில் பூக்கூடைகள் அவருக்கு அரை மீட்டர் முன்னால். 35 மி.மீ. லென்ஸில் அக்காவுக்கு 2 மீட்டர் தள்ளி நின்றால், எஃப் 8இல் 1.4 முதல் 3.3 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். கூடை, அக்கா, மாலை மூன்றும் உள்ளே. எதிர்ச் சாரியும் போகிற வருகிற கூட்டமும் இலேசாக மங்கும், கண்ணை இழுக்காது. இன்னும் மூடி எஃப் 16க்குப் போனால் 1.1 முதல் 9.3 மீட்டர் வரை விரிந்துவிடும். அப்போது பின்னால் போகிற பேருந்தும் ஒட்டிக்கொள்ளும். பூக்கடைக்கு எஃப் 8தான் சரி என்று எனக்குப் பட்டது. ஆழத்தை அளந்து எடுப்பது என்றால் இதைத்தான் சொல்கிறேன். முழுக்கக் கரைப்பதற்கும் முழுக்கக் கூராக்குவதற்கும் நடுவில் பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. எந்தப் பொருள் வரை கதை, எதற்கு அப்புறம் வெறும் இடம் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற துளையை வைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இதை நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன். இங்கே கடைகள் கைமாறுகின்றன, புளோக்குகள் இடிந்து புதிதாக எழுகின்றன, சாலையோரப் பெயர்ப்பலகை சில ஆண்டுகளில் வேறாகிவிடுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் தாத்தா நிற்கிற படத்தில் பின்னால் இருக்கிற இரும்புக் கதவின் வடிவம், செருப்பு அடுக்கு, மாவிலைத் தோரணம் ஆகியவை பிறகு எந்தப் பணத்துக்கும் கிடைக்காதவை. அவற்றைத் தெரிந்தே விடலாம். எஃப் 1.4 வாங்கிவிட்டோம் என்பதற்காக விடக்கூடாது.

ஹைப்பர்ஃபோக்கல் தூரம் என்று ஒன்று சொல்வார்கள். ஃபோகஸை அந்தத் தூரத்தில் வைத்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து முடிவிலி வரை ஆழத்துக்குள் வந்துவிடும். 28 மி.மீ. லென்ஸில் எஃப் 8 என்றால் 3.3 மீட்டர்; அதாவது 1.65 மீட்டரிலிருந்து அடிவானம் வரை. 50 மி.மீ. லென்ஸில் அதே எஃப் 8க்கு 10.4 மீட்டர் வேண்டும். குவியத் தூரத்தின் வர்க்கத்தைத் துளை எண்ணாலும் அந்த 0.03ஆலும் வகுத்தால் வந்துவிடும், கஷ்டமான கணக்கில்லை. ஆனால் முடிவிலிக் குறியைக் கொண்டுபோய் 8 கோட்டில் வைத்தால், தூரத்து அடுக்குமாடிகள் ஏற்றுக்கொள்ளக்கூடிய தெளிவின் கடைசி விளிம்பில்தான் நிற்கும். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் நின்று நகரத்தை எடுக்கும்போது தூரம்தான் படம், முன்னால் இருக்கிற கைப்பிடி இல்லை. அங்கே நேராக முடிவிலியில் வைத்துவிடுங்கள். கைப்பிடி கொஞ்சம் மங்கினால் மங்கட்டும்.

முன்பு சொன்ன 0.03 சிக்கல் இங்கேதான் வருகிறது. நாம் இப்போது எட்டுக்குப் பத்து அச்சைக் கையில் வைத்துப் பார்ப்பதில்லை. நெகட்டிவை ஸ்கேன் செய்து, திரையில் பெரிதாக்கி, முகத்தின் ரோமம் வரை பார்க்கிறோம். பெரிதாக்கும் அளவு கூடினால் வட்டமும் கூடும், ஆழம் சுருங்கும். ஃபோகஸ் வைத்த இடத்தில் மட்டும் கூர்மை, மற்றது எல்லாம் மெத்தென்று தோன்றும். லென்ஸின் கோடுகள் பொய் சொல்லவில்லை, அவை வேறொரு பார்வைத் தூரத்துக்காகப் போடப்பட்டவை. இதற்கு நான் பின்பற்றும் வழி: எஃப் 8இல் எடுத்தால் 5.6க்குரிய இடத்தைப் படிப்பது. 35 மி.மீ. லென்ஸ், 3 மீட்டர் என்றால் 1.9 முதல் 7.3 என்று நம்பாமல் 2.1 முதல் 5.1 என்று நம்புவேன். பெரிய அச்சு போடுவதாக இருந்தால் இரண்டு ஸ்டாப் விட்டுப் படிப்பேன்.

அப்படியானால் எஃப் 22க்கே மூடிவிடலாமே என்று தோன்றும். சிறிய துளை வழியாக வரும் ஒளி விளிம்பில் சிதறும், அதனால் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒரு வட்டமாக விரியும். எஃப் 22இல் அந்த வட்டமே கிட்டத்தட்ட 0.03 மி.மீ. அதாவது ஃபோகஸ் சரியாக வைத்த இடம்கூட எல்லைக்கோட்டுக்கு வந்துவிடுகிறது. ஆழம் கூடும், உச்சக் கூர்மை போய்விடும். 35 மி.மீ. ஃபிலிமில் நான் எஃப் 11ஐத் தாண்ட யோசிப்பேன், எஃப் 16 அவசரத்துக்கு. 1932இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலான புகைப்படக் கலைஞர்கள் சேர்ந்த குழு தனக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்துக்கொண்டது. அவர்கள் பெரிய தகட்டுக் கேமராக்காரர்கள். எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவைப் பெரிதாக்காமல் அப்படியே ஒட்டி அச்சு எடுத்தால் எஃப் 64இன் சிதறல் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் துளையை நம் சின்ன நெகட்டிவில் கடன் வாங்க முடியாது.

ஆழம் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் என்று ஒரு விதி உலவுகிறது. ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஃபோகஸ் வைக்கும்போது மட்டும் அது சரியாக வரும். கிட்டத்தில் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம், தூரத்தில் பின்பக்கம் முடிவிலி வரை ஓடிவிடும்.

ஆழம் குறைந்த படங்களை நான் ஒதுக்குகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவில் நமக்கு வேறு வழியில்லை, அந்தக் கட்டாயத்திலிருந்து அருமையான படங்கள் வருகின்றன. தைப்பூசத்தன்று விடிவதற்கு முன் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பும்போது வெளிச்சம் என்பது குழல்விளக்கும் தெருவிளக்கும்தான். 400 ஃபிலிமுக்கு எஃப் 2, 1/60 வரும். 35 மி.மீ. லென்ஸில் 2 மீட்டரில் 40 செ.மீ. ஆழம். கூட்டத்தில் முகத்துக்குப் பின்னால் முகம் என்று அடுக்கடுக்காக இருக்கும்போது அந்த 40 செ.மீ. ஒரு மனிதரைத் தனியே எடுத்துக் கொடுக்கிறது. அவர் கண்மூடி நிற்கிற நிலை அவருக்கு மட்டும் உரியதாகிறது. இங்கே ஆழக்குறைவு செய்கிற வேலையை வேறு எதுவும் செய்ய முடியாது. காவடியின் மயிலிறகும் முகமும் சேர்ந்து வேண்டும் என்றால் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்கிற 400 ஃபிலிமை 1600க்குத் தள்ளி, அதாவது 1600 வேக ஃபிலிம் என்று வைத்து, எடுப்பேன். கழுவும்போது கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்ல வேண்டும். நிழல்களில் விவரம் போகும், ஃபிலிமின் மணிகள் (கிரெயின்) பெருக்கும், பதிலுக்கு எஃப் 4 கிடைக்கும், ஆழம் 80 செ.மீ.யைத் தாண்டும். ஃபிலிமை எந்த வேகத்தில் எடுப்பது என்பதும் ஆழத்தைப் பற்றிய முடிவுதான்.

கிட்டத்தில் முழுசாகத் திறந்து எடுக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நடுவில் கண்ணை வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, கேமராவைச் சாய்த்துச் சட்டகத்தை மாற்றினால் அந்தக் கண்ணாடிச் சுவரும் சேர்ந்து சாயும். 4 செ.மீ. ஆழத்தில் கண் கைவிட்டுப் போக அது போதும். ஃபோகஸ் திரையில் கண் எங்கே விழப்போகிறதோ அங்கேயே வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். இன்னொன்று, நாம் மூச்சுவிடும்போது முன்னும் பின்னும் ஆடுகிறோம். சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளுங்கள். ஐந்தடிப் பாதையில் தூணுக்குப் பஞ்சமில்லை.

பெரிய நெகட்டிவ் தரும் 120 ஃபிலிமுக்குப் போகிறவர்கள் எல்லா எண்களையும் திரும்பப் பழக வேண்டியிருக்கும். யாஷிகா மேட் 124ஜி போன்ற கேமராவின் 80 மி.மீ. லென்ஸை எஃப் 3.5இல் முழுசாகத் திறந்தால், 1.5 மீட்டரில் ஆழம் 12 செ.மீ. வாக்கில் வரும். 35 மி.மீ. ஃபிலிமில் எஃப் 2 கொடுத்ததற்குச் சமம். எஃப் 3.5 என்று பார்த்து அலட்சியமாக இருக்க வேண்டாம்.

கடைசியாக, இந்த எண்களை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் உங்கள் லென்ஸிடமே கேட்டுவிடுங்கள். வீவக புளோக்கில் வீடுகள் வரிசையாக இருக்கிற நீண்ட நடைகூடம் ஒன்று போதும். அங்கே கதவுகளும் சன்னல்களும் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு, முக்காலியில் கேமராவை வைத்து, ஒரு கதவில் ஃபோகஸ் செய்து, எஃப் 2, 4, 8, 16 என்று எடுங்கள். எந்தப் படம் எந்தத் துளை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக எந்த அளவில் பார்ப்பீர்களோ, அச்சோ திரையோ, அதே அளவில் வைத்துப் பாருங்கள். எத்தனையாவது கதவு வரை உங்கள் கண் தெளிவு என்று ஒத்துக்கொள்கிறது? லென்ஸின் கோடு சொன்ன இடத்துக்கு முன்பே நின்றுவிட்டால், எத்தனை ஸ்டாப் விட்டுப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணை ஒரு சின்ன ஒட்டுத்தாளில் எழுதி லென்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்த ஃபிலிமிலிருந்து அதை வைத்தே எடுக்கலாம்.